இருநூற்றைம்பது பிராங்க், தூக்குகூலி தனி

விலையைக் கேட்டதும் இவர்
கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.
பேரம் பேசப் போகிறார் என்று அர்த்தம்.

புர்க்டோர்ஃப், மழைச் சனிக்கிழமை,
மணமுறிந்த வீடு.
காரை அவன் எடுத்துக்கொண்டானாம்,
திருமதி எக்லிக்கு வாய்த்தது இந்தப் பியானோ.
"உங்களில் யார் வாசிப்பீர்கள்?"
ஒருவருமில்லை என்றேன்.
நாலு பேர்; நாலு பேருக்கும் எது ச எது ப தெரியாது.
ஆரணிக்குப் பள்ளியில் பிளாஸ்டிக் குழல் ஒன்று கொடுத்தார்கள்,
அதையும் ரயிலில் விட்டுவிட்டு வந்தாள்.
"அப்படியானால் உங்களுக்கென்றே செய்தது"
என்று பலகையைக் கழற்றினாள்.

உள்ளே வரிசை வரிசையாய் ரப்பர்க் குழாய்கள்,
அறுவைச் சிகிச்சையில் திறந்தவர்கள்
தைக்க மறந்து சாப்பிடப் போனதுபோல.
மிதித்தேன்.
துளை துளையாய்க் காகிதச் சுருள் இறங்கியது,
கட்டைகள் தாமாய் அமுங்கி எழும்பின,
கண்ணுக்குத் தெரியாத பூனை நடக்கிற மாதிரி.
காற்றன்றி ஓர் கட்டையும் அசையாது.
"பேயைக் காசு கொடுத்து வாங்குறமோ அம்மா?"
நிலவன் தமிழில் கேட்டான், அவளுக்கு விளங்காதபடிக்கு.

விலை ஐந்து பிராங்க்கூட இறங்கவில்லை.
முப்பத்தெட்டுச் சுருள் மேலதிகமாய்த் தந்தாள்.

"ரோல்ஸும் கன பெட்டி இருக்கு" என்று
போனில் இவர் சொன்னதை நம்பி
ஐந்து பேர் பசியோடு வந்தார்கள்.
காகிதத்தைக் கண்ட அந்த முகங்களை
நான் எழுத மாட்டேன்.
லாங்கென்தாலில் எங்கள் வீடு இரண்டாம் மாடி,
முப்பத்தொரு படி.
முதல் திருப்பத்தில் பியானோ ஒருமுறை முனகியது,
பிறகு சுதர்சனின் முதுகு.
அன்றிரவு பதினொரு மணிவரை
ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்தேன்.
கடன் கடன்தானே.

கட்டட விதிப்படி மதியம் சத்தம் கூடாது,
ஞாயிறு கூடவே கூடாது.
எங்களுக்கு விழுந்தது மாலை ஆறு தொடங்கி எட்டு.

இவர் பேருந்து ஓட்டுகிறவர்.
மிதித்தால் வால்ஸ் நிறுத்தத்துக்கு நிறுத்தம் மெதுவாகும்,
யாரோ இறங்கிய பிறகு மறுபடி கிளம்பும்.
நான் ரொட்டித் தொழிற்சாலைக் கால்காரி.
தாலாட்டுக்கூட என்னிடம்
பட்டியில் ஓடுகிற பாண் வேகத்தில் போகும்.

ஆனால் ஆறு கட்டைகள் அமுங்கவேயில்லை.
ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு குட்டித் துருத்தி,
அந்த ஆறின் துணியையும் பூச்சி தின்றிருந்தது.
பாட்டு சிரிக்கும்போதெல்லாம் பல் விழுந்த ஓட்டை.
ஆடத் தெரியாத எங்களுக்குக்
கூடமும் உண்மையாகவே கோணல்.

இவர் எக்லிக்குப் போன் எடுக்க எழும்பினார்.
அதற்குள் ஆரணி
துளை இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்து
அது வந்த நொடியில்
செத்த கட்டையை விரலால் அடித்தாள்.
ஒரு சுரம். சரியான இடத்தில்.
போன் கையிலேயே நின்றது.

இப்போது ஆரணிக்கு இரண்டு கட்டை, நிலவனுக்கு இரண்டு,
மிதித்தபடியே இவருக்கு ஒன்று.
எனக்குக் கீழ்க்கோடியில் ஒரு தடித்த சுரம்,
பாட்டு முழுக்க மூன்றே தடவை.
மூன்றாவது தடவை எப்போதும் பிந்துவேன்.
மேல்மாடி ரூச் ஒருநாள் கதவைத் தட்டினார்.
மணி பார்த்தேன், ஏழே முக்கால், குற்றமில்லை.
"இன்றைக்கும் பிந்திவிட்டது" என்றார்,
படியேறிப் போய்விட்டார்.

ஏப்ரலில் ஓல்ட்டனிலிருந்து பழுது பார்க்கிறவர் வந்தார்.
துருத்திக்கு எண்பது, ஆறும் நானூற்றெண்பது.
நிலவன் தன் இரண்டு கட்டைமேலும் உள்ளங்கை விரித்து
நகர மாட்டேன் என்றான்.
"மூன்று மட்டும் செய்யுங்கள்" என்றார் இவர்,
கை சட்டைப்பைக்குள்.
எந்த மூன்று?

அந்த மனிதரின் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கிறது.
எட்டு மணிக்கு இன்னும் இருபது நிமிடம்.
என்னுடையதைத் தருகிறேன் என்று சொல்ல
வாய் திறந்தேன்,
சொல்லவில்லை.